ராவணன் மீசைக்குக் களையெடுத்தோம்

என் வீட்டுக்காரர் பச்சையப்பன் என்னைப் பற்றி யோசித்ததைவிட டிராயிங் மாஸ்டர் சிராஜுதீனைப் பற்றி யோசித்ததுதான் அதிகம். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கூட வாழ்ந்து பார்த்தால் சிரிப்பு வராது.

காலையில் வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடியே தொடங்குவார். "நேத்து இன்னா பண்ணான் தெரியுமாடி அவன்?" அவன் என்றால் யார் என்று நான் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அவன் என்றால் ஒரே ஆள்தான். நான் பழைய சோற்றில் மோர் ஊற்றி வைத்தால் அதைப் பிசைந்துகொண்டே, "புள்ளைங்கள மணல்ல குப்புறப் படுக்க வெக்கிறான். கேட்டா, மணலு எப்பிடி ஓடுதுன்னு பாக்கணுமாம். இதெல்லாம் ஒரு பாடமா?" என்பார். சோறு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு மனிதன் பொண்டாட்டியை மறந்து இன்னொரு பெண்ணை நினைத்துக்கொண்டிருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போடலாம். அழலாம். தாய் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கலாம். இவர் நினைத்துக்கொண்டிருந்தது மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வில்லியனூர் பையனை. நான் எந்தப் பஞ்சாயத்தில் போய்ச் சொல்வது?

எங்கள் ஊர் பாகூர். கொஞ்சம் நெல்லு நிலம், கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை; வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நிலத்தை நான் பார்த்துக்கொண்டேன். அவர் சைக்கிளை மிதித்துக் கடலோரம் போய்ச் சின்னாண்டிக்குப்பம் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார். மணப்பட்டைத் தாண்டி மணல்மேட்டை ஒட்டிய பள்ளிக்கூடம் அது. நல்ல வாத்தியார் என்றுதான் பெயர். பிள்ளைகளுக்குப் பயமும் உண்டு, மரியாதையும் உண்டு. அந்த மரியாதை தனக்கு மட்டும்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

எண்பத்திரண்டாம் வருஷம் டவுனில் ஒரு பயிற்சி வைத்தார்கள். கடற்கரை கரைந்துகொண்டே போகிறது, மணல்மேட்டில் செடி கொடி நட்டு அதைத் திரும்பக் கட்ட வேண்டும், அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊர்ச் சனங்களுக்கும் சொல்லித்தர வாத்தியார்கள் வேண்டும் என்று பள்ளிக்கு ஒருவரைக் கூப்பிட்டார்கள். செடி என்றால் அறிவியல். அறிவியல் என்றால் பச்சையப்பன் சார். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் தலைமையாசிரியர் மரியதாஸ் அனுப்பியது புதிதாக வந்த டிராயிங் மாஸ்டரை.

இவர் நேராகப் போய்க் கேட்டிருக்கிறார். மரியதாஸ் சார், "நீங்கதானே அந்த வாரம் மல்லாட்டை போடணும்னு லீவு கேட்டிருந்தீங்க?" என்றாராம். கேட்டது உண்மைதான். மல்லாட்டை போட ஆள் கிடைக்காத வாரம் அது, நான்தான் நச்சரித்தேன். ஆக, சிராஜுதீன் பெரிய ஆளானதற்கு நானும் ஒரு காரணம் என்று ஆகிவிட்டது. அதை அவர் எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லிக்காட்டினார்.

பயிற்சி முடிந்து வந்த சிராஜுதீன் பள்ளிக்கூடத்தையே தலைகீழாகப் புரட்டிவிட்டான். வகுப்பை மணல்மேட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளைகளை வைத்து அங்கே ஒரு தோட்டம் போட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பத்துத் தாய்மார்களைக் கூட்டிவைத்துப் பேசினான். பள்ளிக்கூடத்தின் வெளிச்சுவர் முழுக்கக் கரியாலும் காவியாலும் என்னவோ ஒரு படம் வரைந்தான். பார்க்க மணப்பட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்களாம்.

"இன்னா படம்?" என்று கேட்டேன்.

"யாரு பாத்தா? எட்டுக்கால் மீனு மாதிரி கிறுக்கி வெச்சிக்கிறான். நான் பின்வாசல் வழியா போய்ட்டு வரேன்."

அந்தச் சுவரைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே தினமும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் சுற்றிப் போன மனிதர் இவர். சிராஜுதீன் வெளியே பாடம் எடுத்தால் இவர் தன் வகுப்பு ஜன்னலைச் சாத்திவிடுவார். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொடுப்பாராம். வெயில் காலத்தில் ஜன்னலைச் சாத்தினால் பிள்ளைகள் என்ன ஆகும்? வேர்த்து ஊற்றிக்கொண்டு, காதை மட்டும் வெளியே வைத்திருக்கும்.

அவன் என்ன சட்டை போட்டான், யாரிடம் சிரித்தான், மரியதாஸ் சார் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாரா இல்லையா எல்லாம் இவருக்குத் தெரியும். அவன் என்ன பாடம் நடத்தினான் என்பது மட்டும் தெரியாது. அதைக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடும்.

ஒருநாள் நான் பொங்கலுக்கு எடுத்த ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு எதிரே போய் நின்றேன். ஏற இறங்கப் பார்த்தார். மனசுக்குள் கொஞ்சம் குளிர்ந்தேன். "இந்தக் கலர்லதான்டி அவன் ஒரு பூ வரைஞ்சிருக்கான்னு பசங்க பேசிக்கிறாங்க" என்றார். சேலையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் போட்டவள்தான். அந்தச் சிராஜுதீன் முகத்தைக்கூட அதுவரை நான் பார்த்ததில்லை; ஆனாலும் அவன் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு இரண்டு வைத்திருப்பேன்.

ஒரே ஒரு ஆசை இருந்தது எனக்கு. இந்த மனிதர் எப்படியாவது ஒருதடவை அவனை ஜெயித்துவிட வேண்டும். ஜெயித்தால் மறந்துவிடுவார், மறந்தால் வீட்டுக்கு வருவார். உடம்பு தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. மனசைத்தான் சின்னாண்டிக்குப்பத்திலேயே விட்டுவிட்டு வந்தார்.

தை கடைசியில் அந்தச் சமயம் வாய்த்தது. திங்கட்கிழமை ஓர் அதிகாரி பள்ளிக்கு வருகிறார், மணல்மேட்டுத் தோட்டத்தைப் பார்க்கப்போகிறார் என்று திடீரென்று தகவல் வந்தது. பார்த்துவிட்டு ஒரு வாத்தியாரைத் தேர்ந்தெடுப்பாராம். பாகூர், அரியாங்குப்பம் இரண்டு கொம்யூன் பஞ்சாயத்திலும் கடலோரப் பள்ளிகளுக்கெல்லாம் போய்ப் பாடம் சொல்லும் பொறுப்பு அந்த வாத்தியாருக்கு. சிராஜுதீன் ஊரில் இல்லை. அவன் தங்கை ரசியாவுக்கு நிக்காஹ், வில்லியனூர் போயிருந்தான். மரியதாஸ் சார் பதறிப்போய் இவரிடம்தான், "நீங்க கொஞ்சம் தோட்டத்தப் பாத்துக்கங்க சார். அதிகாரி கண்ணுக்கு லட்சணமா இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தார். கல்யாணம் ஆன புதிதில் கேட்ட சத்தம் அது. "ஜெயா, ஆளுங்களக் கூப்பிடு. நாளைக்குக் களையெடுக்கணும்."

"எந்தக் கொல்லையில?"

"கடக்கரையில."

ஞாயிறு விடிந்ததும் என் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். வள்ளியம்மாள், செல்லக்கண்ணு, இன்னும் கொஞ்சம் பேர். எல்லாரும் என் கொல்லையில் என்னோடு குனிந்து வேலை செய்கிறவர்கள். கையில் களைக்கொத்து, இடுப்பில் வெற்றிலைப் பை. கடலைப் பார்க்கப்போகிறோம் என்று செல்லக்கண்ணு தலையில் பூவெல்லாம் வைத்துக்கொண்டு வந்தாள்.

தோட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல? காட்டிலாகா லாரியில் கொண்டுவந்து கொடுத்த சவுக்குக் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. அவற்றைச் சுற்றி, மேலே, நடுவே, எங்கு பார்த்தாலும் அடப்பங்கொடி. இலை மாட்டுக் குளம்பு மாதிரி பிளந்து, தடி தடியாக ஓடிக் கிடந்தது. கொடி இல்லாத இடத்திலெல்லாம் ராவணன் மீசை. அந்தப் புல்லைக் கடலோரத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும். நுனி ஒவ்வொன்றும் ஊசி.

"பாத்தியா லட்சணத்த?" என்றார் இவர். முகமெல்லாம் சந்தோஷம். "நட்டதோட சரி. ஒருநாளாவது களையெடுத்தானா? கன்னு மூச்சு முட்டி நிக்குது."

எனக்கும் அப்படித்தான் பட்டது. இன்றைக்கும் சொல்கிறேன், பாகூரில் எந்தப் பெண்ணைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருந்தாலும் அவளுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். நட்ட பயிரை மூடிக்கொண்டு எது வளர்ந்தாலும் அது களை. எங்களுக்கு அதைச் சொல்லித்தரவே வேண்டாம், கை தானாகப் போகும்.

வரிசை பிடித்து உட்கார்ந்தோம். மணலில் களையெடுப்பது சுலபம் என்று நினைத்தது தப்பு. அடப்பங்கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு இறங்கியிருந்தது. ஒன்றை இழுத்தால் மணலைக் கிழித்துக்கொண்டு அடுத்த வரிசை வரை வந்தது. ராவணன் மீசை எங்கள் கைகளைக் கீறி ரத்தம் எடுத்தது. "ராவணன் மீசையில கைய வெச்சா சும்மா வுடுவானா?" என்று செல்லக்கண்ணு விரலைச் சப்பிக்கொண்டே சொல்ல, எல்லாரும் சிரித்தோம்.

வள்ளியம்மாள்தான் ஒரு இடத்தில் நிமிர்ந்தாள். "இன்னாடி ஜெயா, களையே வரிசையா மொளைச்சிருக்குது?"

பார்த்தேன். வரிசையாகத்தான் இருந்தது. கயிறு பிடித்த மாதிரி.

"கடக்காத்து அப்பிடித்தான் வெதைக்கும். நீ குனி" என்றேன்.

தூரத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த குப்பத்து ஆட்கள் நாலைந்து பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். கேட்கவில்லை. அறிவியல் சாரே பக்கத்தில் நின்று கையை நீட்டி நீட்டி வேலை வாங்கும்போது யார் கேட்பார்கள்?

பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டோம். மணல் வெள்ளை வெளேரென்று சீவிவிட்ட மாதிரி கிடந்தது. நடுவே சவுக்குக் கன்றுகள் பள்ளிப் பிள்ளைகள் போல வரிசையாக நின்றன. பிடுங்கியதை எல்லாம் குவித்துக் கொளுத்தினோம். பச்சைக்கொடி எரியாமல் புகைந்தது. இவர் அந்தப் புகைக்குள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அன்று ராத்திரி சாப்பிடும்போது, "குழம்பு நல்லா இருக்குது ஜெயா" என்றார். எத்தனை நாளாயிற்று! நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

அதிகாரி வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கி, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, மணலில் நடந்து, "அடேயப்பா, எவ்ளோ சுத்தம்! வேற எந்த ஸ்கூல்லயும் இப்பிடிப் பாக்கல" என்று சொல்லியிருக்கிறார். யார் செய்தது என்று கேட்டிருக்கிறார். மரியதாஸ் சார் வாயைத் திறப்பதற்குள் இவர் ஓரடி முன்னால் வந்திருக்கிறார். பொறுப்பு இவருக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டுப் போனார் அந்த மனிதர். உத்தரவு பின்னால் வரும் என்றாராம். அவருக்கும் எது பயிர், எது களை என்று தெரிந்திருக்கவில்லை. எங்களை மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்?

வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கீறலையெல்லாம் பார்த்து, தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து தடவிவிட்டார். "உன்னாலதான்டி" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் சிராஜுதீன் நிக்காஹ் பூந்தியோடு வேலைக்குத் திரும்பினான். அன்று சாயங்காலம் இவர் வந்தபோது சைக்கிள் மணி அடிக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தவர் உள்ளே வரவில்லை.

"இன்னாங்க ஆச்சு?"

"அந்தக் கொடிதான்டி அவங்க நட்டதே."

எனக்குப் புரியவில்லை.

"அடப்பங்கொடி. ராவணன் மீசை. மணல புடிச்சி நிறுத்தறதே அதுங்கதானாம். ஐப்பசி மழையில அவ்ளோ புள்ளைங்களும் சேந்து துண்டு துண்டா வெட்டி நட்டதாம். அது மணலக் கட்டினாத்தான் சவுக்கு நிக்குமாம். செவத்துல வரைஞ்சிக்கிறது எட்டுக்கால் மீனு இல்ல. அடப்பங்கொடி வேரு."

அன்றைக்கு வள்ளியம்மாள் நிமிர்ந்து கேட்டது மறுபடி என் காதில் விழுந்தது. வரிசையாக முளைத்த களை!

"டிராயிங் மாஸ்டர் திட்டினாரா?"

"திட்டியிருந்தா நான் பதில் ரெடியா வெச்சிருந்தேன்டி!" என்று எழுந்துவிட்டார். "சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போனது யாரு, அறிவியல் சாருக்கு ஒரு வார்த்த சொன்னியான்னு கேக்க வாயி வரைக்கும் வெச்சிருந்தேன். அவன் திட்டவேயில்ல. மணல்ல குந்தி, ஒரு கை அள்ளி கீழ வுட்டான். அப்பறம், 'எம்மேலதான் சார் தப்பு. நான் உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும்'னான். சொல்லிட்டு பூந்தி குடுத்தான்டி எனக்கு!"

பொட்டலம் சட்டைப்பையில் அப்படியே இருந்தது. எண்ணெய் ஊறி சட்டை பாழ்.

"மரியதாஸ் சாரு அதிகாரிக்கு எழுதறேன்னாரு. வேணாம்னு தடுத்ததும் அவன்தான். 'பச்சையப்பன் சாரே போவட்டும், அவர் சொன்னா புள்ளைங்க கேக்கும்'னு சொல்றான். மன்னிக்கிறதுலயும் அவன்தான் மொதல்ல வரணுமா? அதுலகூட ஒரு மனுஷனுக்கு இடம் வுட மாட்டானா?"

அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. தோற்றபோது அவனை நினைத்தார், சரி. ஜெயித்த பிறகும் நினைக்கிறாரே, இதற்கு முடிவே கிடையாதா என்று தோன்றியது.

பங்குனியில் கடல்காற்று எழுந்தது. தினமும் மத்தியானத்துக்கு மேல் மணல்மேடு அப்படியே எழுந்து நடந்து வந்ததாம் பள்ளிக்கூடத்துக்குள். சவுக்குக் கன்றுகள் கழுத்துவரை புதைந்தன, சில தலையோடு போய்விட்டன. வகுப்பில் பெஞ்சியின் கால் தெரியவில்லை. பிள்ளைகள் ஸ்லேட்டைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு எழுதின. இவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் சோற்றில் மணல். மென்று விழுங்கிவிட்டு வந்தார், வேண்டும் எனக்கு என்கிற மாதிரி.

அதற்குப் பிறகுதான் என் தலையெழுத்து முழுசாக விடிந்தது. ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்த வேண்டும், பாடமோ தெரியாது, தெரிந்தவன் ஒருவன்தான். ஜூனில் பள்ளி திறந்ததும் இவர் பின்வாசலை விட்டுவிட்டார். தன் ஓய்வு நேரத்தில் சிராஜுதீன் வகுப்பில் கடைசி பெஞ்சியில், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார். முட்டி இடிக்குமாம். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என்னிடம் ஒப்பிப்பார். கொடி மணலை எப்படிப் பிடிக்கிறது, மேடு இருந்தால் புயல் அலை ஊருக்குள் வராமல் எப்படி நிற்கிறது, கிணற்றில் உப்பு ஏறாமல் எப்படி இருக்கிறது. சொல்லி முடித்துவிட்டு, "எவ்ளோ அழகா சொல்றான் தெரியுமா, பாவி" என்பார். முன்பெல்லாம் பொறாமை மட்டும்தான். இப்போது பாடமும் சேர்ந்துகொண்டது.

ஐப்பசி முதல் மழை பெய்ததும் நானே சின்னாண்டிக்குப்பத்துக்குக் கிளம்பினேன். இவரிடம் கேட்கவில்லை. "நாம புடுங்கனத நாமளே நட்டுக் குடுப்போம். கூலி கேக்காதீங்கடி" என்றதும் வள்ளியம்மாளும் செல்லக்கண்ணுவும் மறுபேச்சில்லாமல் வந்தார்கள். கொடியைக் கணு பார்த்து வெட்டி, சாய்த்து வைத்து, நுனி மட்டும் வெளியே தெரிய மணலால் மூட வேண்டும். நாற்று நட்ட கைகளுக்கு அது பெரிய வேலையில்லை. குப்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் கூட நட்டார்கள்.

அங்கேதான் அந்தச் சிராஜுதீனை முதன்முதலாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சொன்னதை வைத்து நான் ஒரு ராஜகுமாரனை எதிர்பார்த்துப் போயிருந்தேன். வந்து நின்றது ஒட்டடைக்குச்சி. சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள், கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. இவனுக்காகவா என் குழம்பு ருசியில்லாமல் போயிற்று?

"வாங்கக்கா" என்றான். "நீங்க பச்சையப்பன் சார் வூட்ல இருந்து வரீங்கன்னு சொன்னாங்க." என் முகத்தைப் பார்க்காமல் காலடி மணலைப் பார்த்துப் பேசினான். "சாரு மாதிரி பாடம் நடத்த எனக்கு வராதுக்கா. அவரு ஒளி பாடம் எடுக்கறப்ப சத்தம் வெளிய நல்லா கேக்கும். நான் அப்பிடியே நிறுத்திட்டு கேட்டுக்கினு இருப்பேன். எனக்கு வரையத்தான் தெரியும். அதனாலதான் செவுரு பூரா வரைஞ்சி வெச்சேன்."

சொல்லிவிட்டு அவன்பாட்டுக்குக் கொடி வெட்டப் போய்விட்டான். நான் கையில் கொடியோடு நின்றேன். இதை வீட்டில் போய்ச் சொன்னால் என்ன நடக்கும் என்று ஒரு கணம் யோசித்தேன். 'நிஜமாவா சொன்னான்? மறுபடி சொல்லு, எந்தப் பாடம்னான்?' என்று ராத்திரி முழுக்க என்னை உலுக்குவார். அவன் பேர் எங்கள் வீட்டில் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்துவிடும். வேண்டவே வேண்டாம். வாயைத் தைத்துக்கொண்டேன். எனக்கும் பொறாமை இருக்காதா?

அரசாங்க உத்தரவும் அந்த மாசம்தான் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. முதல் பள்ளி அரியாங்குப்பத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில். கிளம்புவதற்கு முதல்நாள் இவர், "நீயும் வாயேன். கொடிக்கட்டு தூக்க ஆளு வேணும்" என்றார். கொடி தூக்கத்தான் கூப்பிட்டார், தெரியும். இருந்தாலும் அந்த ஊதாச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து பஸ்ஸில் போய் ரொம்ப நாளாகியிருந்தது.

பள்ளியில் பிள்ளைகளைக் கூரைக் கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்கள். அம்மாக்களும் சிலர் வந்து ஓரமாக நின்றார்கள். நான் கொடிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் உட்கார்ந்தேன். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நன்றாகத்தான் பேசினார். மரியாதையாகச் சொல்கிறேன், நன்றாகவே பேசினார். பிள்ளைகள் சத்தம் போடாமல் கேட்டன.

நடுவில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்தது. ரெட்டைச் சடை, காது குத்திய துளையில் வேப்பங்குச்சி. "சார், சின்னாண்டிக்குப்பத்துல செவுரு பூரா வேரு வரைஞ்ச சாரு நீங்கதானே? எங்க மாமா வூட்டுப் பசங்க சொல்லுவாங்க."

கொட்டகையே நிமிர்ந்து பார்த்தது. அதுவரை மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்த முகங்களில் நிஜமான ஆசை வந்துவிட்டது. இவர் அதைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"ஆமா" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவனை ஜெயிக்க வேண்டும் என்று அலைந்த மனிதர், அவனாகவே ஆகிவிட்டார். எத்தனை நாள் ஆசையோ அது, அந்த ஒரு வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது.

"சார், சார், எங்களுக்கும் வரைங்க சார்!" பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டன. அந்த ஊர் வாத்தியார் சந்தோஷமாகப் போர்டைத் துடைத்து, சாக்பீஸைக் கொண்டுவந்து இவர் கையில் வைத்தார்.

என் வீட்டுக்காரருக்குப் பொங்கலன்று வாசலில் நான் போட்ட கோலத்துக்குக் காவி பூசச் சொன்னால்கூடக் கோட்டுக்கு வெளியே போகும். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு போர்டைப் பார்த்தார். ஒரு கோடு இழுத்தார். அது முள்ளங்கி மாதிரி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. பின்பக்கம் யாரோ சிரித்தார்கள். கழுத்தில் வேர்வை இறங்கியது எனக்கே தெரிந்தது. அப்போது திரும்பினார். பிள்ளைகளையோ வாத்தியாரையோ பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி என்னை அவர் பார்த்ததில்லை. அந்தப் பார்வையில் சிராஜுதீன் இல்லை, மரியதாஸ் இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. கொடிக்கட்டைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனேன்.

"படம் இன்னாத்துக்குக் கண்ணுங்களா? நெசக் கொடியே வந்திருக்குதே!" என்று கட்டைப் பிரித்து நீளமான ஒன்றை உதறினேன். மணல் கொட்டகை முழுக்கத் தெறித்தது. "நீ இந்தப் பக்கம் புடி. டேய், நீ அந்தப் பக்கம் வா. இழுங்க பாக்கலாம். அறுக்க முடியுதா?"

இழுத்தன. அறுபடவில்லை. ஆளாளுக்கு வந்து இழுத்துப் பார்த்தன. சிரிப்பும் கூச்சலுமாகிவிட்டது. கணுவில் தொங்கிய வேரை இவர் விரலால் தூக்கிக்காட்டிப் பேச ஆரம்பித்தார். குரல் திரும்பி வந்துவிட்டது. பிறகு எல்லாரும் மணல்மேட்டுக்குப் போய் நட்டோம், அம்மாக்களும் கூட. முள்ளங்கியை யாரும் நினைக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தோம். சேலையெல்லாம் மணல். நான் காத்திருந்தேன். இன்றைக்குச் சொல்லாமல் என்றைக்குச் சொல்லப்போகிறார்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். 'நல்லவேள நீ வந்த ஜெயா' என்றால் போதும். தவளக்குப்பம் வந்தது. போயிற்று. இவர் பெருமூச்சு விட்டார். என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் போர்டு எவ்ளோ பெரிசு, பாத்தியா ஜெயா?" என்றார். "அவன் மட்டும் வந்திருந்தா இன்னாமா வரைஞ்சிருப்பான்!"

நான் எழுந்தேன். "வழிய வுடுங்க" என்றேன்.

"ஏன், நம்ம ஸ்டாப்பு இன்னும் வரலையே?"

முன்பக்கம் போய், கூடைக்காரப் பெண்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கூப்பிட வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். வரவில்லை. எதிர் சீட்டின் முதுகுத் தகட்டில் படிந்திருந்த புழுதியில் விரலால் வேர் வரைந்து பழகிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வந்த இடத்தில், கொடி கட்டிக் கொண்டுவந்த காலிச் சாக்கை வைத்திருந்தார்.